நூற்று மூன்றாம் நம்பர் மாப்பிள்ளை

பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், சீட்டில் ஏதாவது கொட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். பக்கத்து வீட்டுக்காரர் "சாப்பிட்டியாமா?" என்று கேட்டால், இவருக்கு இது எதற்கு என்று அரை மணி நேரம் யோசிப்பேன். சந்தேகம் என் ரத்தத்தில் ஓடுகிறது. இந்தக் குணத்தால் என் நிச்சயதார்த்தமே நின்றுபோகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். ஆரணியில் எங்கள் தெரு ஏழு வருஷமாகச் சிரிக்கிறது, நீங்களும் சேர்ந்துகொண்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இதில் பழி முழுவதும் என்னுடையதல்ல. பட்டுத்தறி வீட்டில் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்? தறியில் புது டிசைன் ஏறிவிட்டால் அப்பா பக்கத்திலேயே ஒரு பழைய வேட்டியை மடித்து வைத்திருப்பார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் முதலில் வேட்டி தறிமேல் விழும், அப்புறம்தான் "வாங்க" என்ற வார்த்தை வரும். காய்கறிக்கார அம்மாவுக்கும் அதே மரியாதைதான். அம்மாவுக்கு ஊசி போட வந்த நர்ஸ் ஒருத்தர், அப்பா அவசரமாக மூடுவதைப் பார்த்து, "உள்ள யாருக்காவது அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டுப் பயந்துபோனார். அப்பா மாதக்கணக்கில் யோசித்த கரையை ஒருவன் நன்றாகப் பார்த்துவிட்டால் போதும், அடுத்த வாரம் அது பவர்லூமில் ஓடும். அதனால் எங்கள் வீட்டில் வந்தவரெல்லாம் ஒற்றர்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் தறிக்கு நம்பர் உண்டு. ஒரு தறிக்கு ஒரு நம்பர், அதற்கு ஒரு ஆள். நெசவாளர் சொசைட்டியில் ஒரு சேலையைப் பிரித்துப் பார்த்து அதில் இழை விட்டிருந்தால், மேனேஜர் நோட்டைப் புரட்டி நம்பரைப் பார்ப்பார். பத்து நிமிஷத்தில் அந்த ஆள் கையைப் பிசைந்துகொண்டு முன்னால் நிற்பார். நம்பர் கிடைத்தால் ஆள் கிடைத்தான் என்பது நான் சின்ன வயதிலிருந்து பார்த்த விஷயம். (இந்த அறிவுதான் என்னைக் குழியில் தள்ளியது.)

படிப்பை முடித்த கையோடு, அப்பா நெய்யும் சேலைகளை விற்க ஒரு வெப்சைட் தொடங்கினேன். அப்பாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"மூடி வெச்சுகினு நெய்யறேன் நானு. நீ உலகத்துக்கே தொறந்து காட்டறியா?"

"பார்க்காம யாருப்பா வாங்குவாங்க?"

"பாக்கறவன்லாம் வாங்கிடுவானா?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் விடவில்லை. முதல் சேலையாக மாம்பிஞ்சுக் கரையும் கிளி முந்தானையும் வைத்த மயில்கழுத்து நிறச் சேலையைப் போட்டேன். கீழே 'நெய்தவர்: கோவிந்தசாமி, ஆரணி' என்று எழுதினேன். அப்பாவிடம் போனைக் காட்டியபோது ஒரு பார்வை பார்த்தார், "ம்" என்றார், தறிக்குழியில் இறங்கிவிட்டார். அவ்வளவுதான் அவர் ஆதரவு என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊரான சேவூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் தினகரன். கரை விழுவதற்காகத் தறியில் மாட்டும் துளையிட்ட அட்டைக்கு டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைவது அவர் வேலை. அதாவது, ஒரு கரையைக் கண்ணால் பார்த்தால் அப்படியே படி எடுக்கத் தெரிந்த ஆள். இது ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது. போதாக்குறைக்கு, கேசரியைக் கையில் வைத்துக்கொண்டே தறிப்பக்கம் திரும்பி, "மாமா, வேட்டிக்குள்ள இன்னா கரை கீது?" என்று கேட்டார். அப்பா சிரித்து மழுப்பினார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டேன்.

அவருடைய அம்மா கலகலப்பானவர். "சம்பந்தி, கம்ப்யூட்டர்ல உங்க பேரப் பாத்தோம்! எங்க வூட்ல நாலு தலைமுறையா நெய்யறாங்க, ஒருத்தர் பேரும் எங்கியும் வந்ததில்ல" என்றார். அப்பா வெட்கப்பட்டு மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். எல்லோருக்கும் எல்லோரையும் பிடித்துப்போனது. உண்மையைச் சொன்னால் எனக்கும் தினகரனை ரொம்பப் பிடித்திருந்தது. பேசும்போது எதிரில் இருப்பவர் முடிக்கும்வரை காத்திருப்பார். அப்படிப்பட்ட ஆண்பிள்ளையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. (அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.)

அடுத்த வாரம் வெப்சைட்டுக்கு யார் யார் வந்துபோகிறார்கள் என்று காட்டும் கணக்கைத் திறந்தேன். அதில் வந்தவர்களின் பெயர் இருக்காது, ஐபி முகவரி என்று நான்கு பகுதியாக ஒரு நீள நம்பர் இருக்கும். நான் உள்ளே போவதை மட்டும் அது காட்டாது, உரிமையாளர் என்று விட்டுவிடும். பார்த்தால், நூற்று மூன்றில் தொடங்கும் ஒரு நம்பர் தினமும் காலை பதினொன்று இருபதுக்கு வந்திருக்கிறது. நேராக மயில்கழுத்துச் சேலைக்குப் போகிறது. முந்தானைப் படத்தைத் திறக்கிறது. பத்து நிமிஷம் அங்கேயே நிற்கிறது. வேறு எந்தச் சேலையையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறது.

வாங்க நினைப்பவர் பத்துச் சேலையைப் புரட்டுவார். ஒரே முந்தானையை வாரம் முழுக்க ஒருவன் பார்க்கிறான் என்றால் கிளியின் இறகை எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

அந்த நம்பர் எந்த ஊர் என்று கண்டுபிடிக்கும் சைட்டுகளில் போட்டுப் பார்த்தேன். ஒன்று வேலூர் என்றது. இன்னொன்று சென்னை என்றது. மூன்றாவது ஹைதராபாத் என்று வரைபடத்தில் ஓர் ஏரிக்கு நடுவில் புள்ளி வைத்தது. மூளை உள்ளவர்கள் இந்த சைட்டுகள் குத்துமதிப்பாகச் சொல்கின்றன என்று புரிந்துகொண்டிருப்பார்கள். நான், மூன்று ஊரில் கிளை வைத்திருக்கும் கும்பல் என்று முடிவுகட்டினேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. போன் கேமராமேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். வீடியோ காலில் பேசிய சித்தி, "இன்னாடி எல்லாம் செவப்பா தெரியுது?" என்று கேட்டார். பாஸ்வேர்டைத் தினம் மாற்றி, மூன்றாம் நாள் நானே உள்ளே போக முடியாமல் வெளியில் நின்றேன். நம்மை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி வேறு நாட்டு நம்பரில் காட்டும் விபிஎன் என்று ஒன்றை இலவசமாக இறக்கினேன். உடனே என் சொந்த வெப்சைட்டே என்னைப் பார்த்து, "உங்கள் நாட்டுக்குச் சேலை அனுப்புவதில்லை" என்றது. வங்கி ஆப் என்னைத் திருடி என்று நினைத்துப் பூட்டிக்கொண்டது. இலவசமாகக் கொடுக்கும் அந்த விபிஎன்காரன் நாம் போகும் இடத்தையெல்லாம் வேடிக்கை பார்க்கலாம் என்று பிற்பாடு படித்தபோது, அதையும் தூக்கிப்போட்டேன். இத்தனையையும் வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டிலும் யாரை நம்புவது?

கடைசியில் தேதியைப் பார்த்தேன். அந்த நம்பர் பதினொன்று இருபதுக்கு வரத் தொடங்கியது, சேவூர்க்காரர்கள் வந்துபோனதற்கு மறுநாள்.

வேட்டிக்குள் என்ன கரை என்று கேட்ட குரல் காதில் ஒலித்தது. உட்கார்ந்து யோசித்து ஒரு வலை பின்னினேன். அன்று சாயந்திரம் தினகரன் போன் செய்தபோது, தேனாகக் குழைந்து, "ஒரு சைட் இருக்குங்க. தொறந்தா உங்க நம்பர் என்னன்னு காட்டும். ஜாதகப் பொருத்தம் மாதிரி நம்பர் பொருத்தம் பாக்கலாம், படிங்களேன்" என்றேன்.

பாவம், அவர் சந்தோஷமாகப் படித்தார். "நூத்தி மூணு..."

நான்கு பகுதியும் அப்படியே அதே நம்பர்.

"சரிங்க" என்று வைத்துவிட்டு, அழுதேன். நிஜமாகவே அழுதேன். திருடன் என்று தெரிந்த பிறகும் அந்த ஆளைப் பிடித்திருக்கிறதே என்ற ஆத்திரமும் அதில் சேர்ந்திருந்தது. இரண்டு நாள் அவர் போன் செய்தும் நான் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நிச்சயதார்த்தம்.

ஆரணி பஜாரில் பிரிண்ட் அவுட் கடை வைத்திருப்பவர், "இன்னாமா இது, ஒரே நம்பரா கீது?" என்றார். ஐந்து பக்கம். அதை நான்காக மடித்து நிச்சயப் புடவையின் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டேன்.

நிச்சயம் எங்கள் வீட்டில்தான், காலையில். தெருவே வந்திருந்தது. எங்கள் தெருவுக்கு நெட் கொடுக்கும் கேபிள் பாபு அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டுத் தாம்பூலத் தட்டும் நடுவில் தயாராக இருந்தது. பெரியவர் ஒருவர் வழக்கப்படி என்னைப் பார்த்து, "பொண்ணுக்குச் சம்மதந்தானம்மா?" என்றார். தலையை ஆட்டினால் முடிந்துவிடும் கேள்வி.

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

நான் இடுப்பிலிருந்து காகிதத்தை உருவினேன். (கொசுவமும் பாதி வந்துவிட்டது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காகிதத்தை நீட்டினேன். நியாயம் கேட்பவளுக்கு அழகான தோற்றமல்ல.)

"இவர் தினமும் பதினொண்ணு இருபதுக்கு எங்க வெப்சைட்டுக்கு வந்து அப்பாவோட முந்தானைய மட்டும் பாத்துட்டுப் போறாரு. நம்பர் இருக்கு. அவர் வாயாலயே அந்த நம்பரச் சொன்னாரு. எங்க டிசைன எடுக்கத்தான் இந்தச் சம்பந்தமா?"

தினகரன் முகம் வெளுத்துப்போனது. அவருடைய அம்மா மெதுவாக எழுந்து தங்கள் தட்டைக் கையில் எடுத்தார். அந்தக் கலகலப்பான முகத்தில் சிரிப்பே இல்லை. "எங்க வூட்லயும் தறி கீதும்மா. அடுத்தவங்க கரைய எடுத்துப் பொழைக்கற குடும்பம் இல்ல இது. டேய் தினகரா, எழுந்திரு" என்றார். என் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்கத்த" என்று பாபு அண்ணன் வடையைக் கீழே வைத்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ரேவதி, இது நம்ம நம்பருமா!"

"யாரு நம்பரு?"

"நம்மளுது! எங்கிட்ட நெட் வாங்கற அத்தினி பேரு வூட்டுக்கும் வெளிய தெரியற நம்பர் இது ஒண்ணுதான். ஆரணில பாதி, சேவூரு முழுசு. உன் போன்ல பாத்தியா நீ?"

பார்க்கவில்லை. ஊரில் எல்லோருடைய நம்பரையும் சந்தேகப்பட்டவள், என்னுடைய நம்பரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வீட்டு வைஃபையில் போனைத் திறந்தேன். நூற்று மூன்று. நான்கு பகுதியும் அதேதான்.

அதோடு விட்டிருக்கலாம். விடுகிற தெருவா எங்கள் தெரு? எதிர்வீட்டு மாமி தன் மகனுக்குப் போன் போட்டு, "டேய், வூட்டு நெட்ல உன் நம்பரப் பாத்துச் சொல்றா, ஜல்தி!" என்றார். ஸ்பீக்கரில் "நூத்தி மூணு" என்று வந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒருவர், "எங்க வூட்லயும் நூத்தி மூணுதாம்பா!" என்று கத்தினார். எங்கள் சொந்தக்காரப் பெரியவர் ஒருவர், வீட்டில் நெட்டே இல்லாதவர், "அப்ப நானும் திருடனா?" என்று கவலையாகக் கேட்டார். ஐந்து நிமிஷத்தில் கூடத்தில் பாதிப் பேர் திருடர்கள்.

எனக்குப் புரியவில்லை என்று பாபு அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. "நீ தறி நம்பர் மாதிரி நெனச்சுகினு கீற. இது சொசைட்டி முத்திரை மாதிரிமா. உள்ள நூறு தறி ஓடுது, நூறு பேரு நெய்யறாங்க. வெளிய போறப்ப அத்தினி சேலைக்கும் ஒரே முத்திரைதான குத்தறாங்க? மெட்ராஸ்ல வாங்கறவன் முத்திரைய வெச்சு எவன் நெய்தான்னு சொல்ல முடியுமா? யாரு எந்தத் தறின்றது உள்ள இருக்கற நோட்டுலதான் இருக்கும். அந்த நோட்டு எங்கிட்ட கீது."

"அப்ப யாருன்னு சொல்லுங்கண்ணா" என்றேன், அந்த நிலையிலும் விடாமல்.

"போலீஸ் முறையா எழுதிக் கேட்டா காட்டுவேன். நீ கேட்டா காட்ட மாட்டேன். எந்த வூட்ல யாரு இன்னா பாக்கறாங்கன்னு நான் சொல்ல ஆரம்பிச்சா இந்தத் தெருவுல ஒரு குடும்பம் நிக்காது." கூடத்தில் இரண்டு மூன்று ஆண்கள் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்கள்.

அப்போதுதான் தினகரன் முதல்முறையாக வாய் திறந்தார். வழக்கம்போல எல்லோரும் முடிக்கும்வரை காத்திருந்திருக்கிறார். "ரேவதி, பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி உங்க சைட்ட நான் ஒரே தடவ பாத்தேன். அதுல வீட்டு நம்பர், தெரு, எதிர்ல இன்னா கடைன்னு எல்லாம் போட்டிருந்தீங்க. உங்க அப்பா போட்டோல பின்னாடி செவுத்துல தறி நம்பர் தெளிவாத் தெரிஞ்சுது. 'பதினொரு மணிக்குப் பார்சல் போடப் போவேன், பன்னெண்டு வரைக்கும் போன் எடுக்க மாட்டேன்'னு வேற எழுதியிருந்தீங்க. நான் திருடனா இருந்தா எனக்கு ஐபி எதுக்குங்க? நேரா வந்து வேட்டியத் தூக்கிப் பாத்திருப்பேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. கேமராவுக்குப் பொட்டு வைத்தவள், வீட்டுக் கதவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன்.

"நம்பர் சொன்னதும் உங்க குரல் மாறிப்போச்சு. பொருத்தம் இல்லன்னு நெனச்சேன். ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல" என்றார் மெதுவாக.

அவர் அம்மா தட்டைக் கீழே வைக்கவில்லை. "எல்லாம் செரி. எம்புள்ள இல்லன்னா யாரு அது? தெரியாமப் போனா நாளைக்கும் இந்தப் பொண்ணு எம்புள்ளையத்தான் பாக்கும்" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஊர் முழுக்க அந்த நம்பர் என்றால், தினகரனுக்கும் அதுதானே. பாபு அண்ணன் கண்ணை மேலே உயர்த்தி விட்டத்தைப் பார்த்தார்.

"நாந்தான்" என்று ஒரு குரல் வந்தது.

அப்பா. பட்டு வேட்டியும் மேல்துண்டுமாக, எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நாந்தாம்மா. சம்பந்தியம்மா அன்னிக்குப் பேரு வந்திருக்குன்னு சொன்னாங்கல்ல. நீ காட்னப்ப சரியாப் பாக்கல. பாபுகிட்ட சொல்லி என் போன்ல அந்தப் பக்கத்த வெச்சுக்கினேன். நீ பார்சல் போடப் போனதும் டீ குடிக்கறப்ப பாப்பேன். முந்தானைக்குக் கீழதான எம்பேரு போட்டிருக்க? வாங்கிட்டாங்களோ, பேரு போயிடுமோன்னு பாத்துகினே இருப்பேன். வாணாம்னு சொன்ன வாயால உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

நாற்பது வருஷம். எத்தனை சேலை! எல்லாம் யாரோ ஒருவருடைய முத்திரையோடுதான் வீட்டைவிட்டுப் போயின. கிளியின் இறகை எண்ணும் திருடன் என்று நான் நினைத்த பத்து நிமிஷமும், அப்பா தன் பெயரைப் பார்த்துக்கொண்டு டீ குடித்திருக்கிறார். கொசுவத்தைப் பிடித்திருந்த கையாலேயே கண்ணைத் துடைத்தேன். (விளைவு என்ன என்பதை எழுத மாட்டேன். தினகரனின் அம்மா ஓடிவந்து மறைத்தார்.)

அந்த ஓட்டத்தில்தான் அவர் தட்டைக் கீழே வைத்திருந்தார். என் கொசுவத்தைத் தன் கையாலேயே செருகிவிட்டுக்கொண்டே காதோரம், "அப்பன் பேருக்கு இப்பிடிக் காவல் இருக்கற பொண்ணு, எம்புள்ள பேரையும் காப்பாத்தும். ஆனா இனிமே நம்பர் பாக்கறதுன்னா எங்கிட்ட சொல்லிட்டுப் பாரு" என்றார். தட்டு மாற்றினார்கள். நான் தினகரனை நிமிர்ந்து பார்த்து, "மன்னிச்சுக்குங்க" என்றேன். "பொருத்தம் இருக்குல்ல?" என்றார் அவர்.

அன்று சாயந்திரமே வெப்சைட்டில் ஓர் ஆர்டர் வந்தது. மயில்கழுத்து நிறம், கிளி முந்தானை. அனுப்ப வேண்டிய ஊர் சேவூர். குறிப்பு எழுதும் கட்டத்தில் என் வருங்கால மாமியார், 'கல்யாணப் புடவைக்கு. நம்பரைச் சரிபார்த்து அனுப்பவும்' என்று எழுதியிருந்தார். அதைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தேன். சைட்டில் வீட்டு நம்பரையும் தறி நம்பர் தெரிந்த படத்தையும் பார்சல் போடப் போகும் நேரத்தையும் அன்றே எடுத்துவிட்டேன். பொட்டையும் கேமராவிலிருந்து பிய்த்துவிட்டேன்.

என் கணவரின் பெயர் தினகரன் என்பது எங்கள் தெருவில் இன்று பலருக்கு ஞாபகமில்லை. "நூத்தி மூணு வந்துகினு கீறாரு" என்றுதான் அம்மாவுக்குத் தகவல் வரும். சேவூரில் கரண்டி காணாமல் போனாலும் மாமியார், "எனக்குத் தெரியாதும்மா, நீ நம்பரப் பாரு" என்பார்.

அந்தச் சேலையின் பக்கத்தை மட்டும் நான் எடுக்கவில்லை. விற்றுப்போனது என்று போட்டு, 'நெய்தவர்' வரியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். இன்றைக்கும் ஆரணி வீட்டில் தினமும் பதினொன்று இருபதுக்குத் தறிச் சத்தம் நிற்கும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார்:

"திருடரே, பாத்தது போதும். டீ ஆறிப்போவுது!"